பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கு இலக்கணம் தெரியுமா?

கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "இலக்கணம் என்றால் என்ன? மொழிக்கு அதனால் என்ன பயன்? என் பாட்டி பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை. ஆனால் அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். நானோ பத்து வருடம் இலக்கணம் படித்தும் ஒரு விண்ணப்பம் எழுதத் திணறுகிறேன். அப்படியானால் இலக்கணம் இல்லாமலே மொழி நன்றாகத்தானே இருக்கிறது?"

உங்கள் பாட்டிக்கு இலக்கணம் தெரியும். உங்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கலாம். இலக்கணத்தில் வரும் பெயர்கள்தான் அவருக்குத் தெரியாது. இதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் கேள்வியின் மற்ற முடிச்சுகள் தாமாகவே அவிழும்.

பாட்டியின் அடுப்படியிலிருந்தே தொடங்கலாம். அவர் புளிக்குழம்பு என்கிறார், கீரைக்கூட்டு என்கிறார், மாங்காய்த்தொக்கு என்கிறார். இந்த மூன்றிலும் நடுவில் க்கு, க்கூ, த்தொ என்று ஓர் அழுத்தம் விழுவதைக் காதால் கேட்கலாம். அதே வாயால் ஊறுகாய் என்கிறார், சுடுகஞ்சி என்கிறார், சுடுசோறு என்கிறார். இங்கே அந்த அழுத்தம் இல்லை. ஒருநாளும் அவர் 'ஊறுக்காய்' என்று சொல்லியிருக்கமாட்டார். ஏன்? புளி, கீரை, மாங்காய் எல்லாம் பெயர்கள். ஊறு, சுடு என்பவை வினைகள். ஊறுகாய் என்றால் நேற்று ஊறிய காயும் அதுதான், இப்போது ஜாடியில் ஊறிக்கொண்டிருக்கும் காயும் அதுதான், இனி ஊறப்போகும் காயும் அதுதான். மூன்று காலத்தையும் உள்ளே ஒளித்து வைத்திருக்கும் சொல். நன்னூல் இதை "காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பது விதி. அந்த விதியை உங்கள் பாட்டி ஒருவரிடமும் படிக்கவில்லை. ஆனால் ஒருமுறைகூட மீறியதில்லை.

நான் பள்ளியில் படித்தபோது "காலம் கரந்த பெயரெச்சம்" என்பதை உருப்போட்டேன். தேர்வில் எழுதினேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். சாப்பாட்டுத் தட்டில் தினமும் இருந்த ஊறுகாய்தான் அது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து, மெய்ப்பு பார்க்கும் வேலைக்கு வந்த பிறகு நானாகவே கண்டுபிடித்தேன். அன்று வந்த மகிழ்ச்சியும் வருத்தமும் இன்னும் மனத்தில் இருக்கின்றன. உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குழந்தைகளைக் கவனித்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். என் அக்கா மகளுக்கு அப்போது மூன்று வயது இருக்கும். பிஸ்கட் டப்பாவைக் காட்டி "நானுக்கு வேணும்" என்பாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "நானுக்கு" என்று அவளிடம் யார் பேசியிருக்கிறார்கள்? வீட்டில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. ஆக, அவள் கேட்டுச் சொன்ன சொல் இல்லை அது. அவனுக்கு, மாமாவுக்கு, தாத்தாவுக்கு என்று கேட்டுக் கேட்டு, 'கு' சேர்த்தால் போதும் என்ற விதியைத் தானாகவே கண்டெடுத்து, நான் என்ற சொல்லிலும் அதைப் பொருத்திப் பார்த்திருக்கிறாள். நான் என்பது வேற்றுமை உருபு ஏற்கும்போது என் என்று குறுகும் என்ற சிறுவிதி மட்டும் அவளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. சில மாதங்களில் அதுவும் வந்துவிட்டது. கேட்டதைத் திருப்பிச் சொல்வது மட்டுமே மொழி கற்பது என்றிருந்தால் அந்தப் பிழை பிறந்தே இருக்காது.

எனவே இலக்கணம் என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம். ஒன்று, பேசுகிறவர் ஒவ்வொருவருக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும் ஒழுங்கு. இன்னொன்று, அந்த ஒழுங்கைக் கவனித்து யாரோ எழுதிவைத்த நூல். முன்னது இல்லாமல் எந்த மொழியும் இல்லை. பின்னது இல்லாத மொழிகள் உலகில் ஏராளம். அவற்றைப் பேசுகிறவர்கள் குறையின்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் கேள்வியில் இந்த இரண்டும் கலந்துவிட்டன.

எது முந்தியது என்பதில் நம் பழைய நூலாசிரியர்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரம், "தமிழ்கூறு நல்லுலகத்து வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின் எழுத்தும் சொல்லும் பொருளும் நாடி" என்று போகிறது. மக்கள் பேசும் வழக்கு, புலவர் பாடும் செய்யுள், இந்த இரண்டையும் முதலாக வைத்துத் தொல்காப்பியர் ஆராய்ந்தார் என்கிறது. 'நாடி' என்ற சொல்லைக் கவனியுங்கள். தேடிப் பார்த்தார் என்று பொருள். நூலுக்குள் போனால் பக்கத்துக்குப் பக்கம் 'என்ப', 'என்மனார் புலவர்', 'மொழிப' என்று வரும். இப்படிச் சொல்லுகிறார்கள் என்று பதிவு செய்கிற குரல் அது. சொல்லதிகாரத்தை முடிக்கும்போதும், வழக்கிலும் செய்யுளிலும் உள்ளவற்றை "பிரித்தனர் காட்டல்" என்றுதான் முடிக்கிறார். வடமொழியில் இலக்கணத்துக்கு வழங்கும் வியாகரணம் என்ற சொல்லுக்கும் பகுத்துக் காட்டுதல் என்பதே அடிப்படைப் பொருள். ஓடுகிற கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து காட்டுவது போன்ற வேலை இது. மூடியைத் திறந்தவர் கடிகாரத்தை ஓடவைக்கவில்லை. அது முன்பிருந்தே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சரி, அந்த உள்ளே ஓடும் ஒழுங்கு மொழிக்கு என்ன செய்கிறது? சொற்கள் பொருளைத் தருகின்றன, இலக்கணம் அவற்றைக் கோக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் தவறில்லை, ஆனால் குறைவாகச் சொல்கிறது. இலக்கணமே தன்னளவில் பொருள் தருகிறது. ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

"ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகிறோம்."

"ஞாயிற்றுக்கிழமை பெண்ணைப் பார்க்கப் போகிறோம்."

முதல் வாக்கியத்தைக் கேட்டதும் பூ, பழம், பஜ்ஜி, கேசரி எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். வீட்டில் கல்யாண வயதில் ஒரு பையன் இருக்கிறான் என்று புரியும். இரண்டாவதைச் சொன்னால், கட்டிக்கொடுத்த மகளையோ விடுதியில் படிக்கும் மகளையோ பார்த்துவரப் போகிறார்கள் என்று நினைப்போம். இன்னார் என்று முன்பே தெரிந்த ஒரு பெண். சொற்கள் மாறவில்லை. 'ஐ' என்ற ஒரே ஓர் உருபு நுழைந்ததும் ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமையே மாறிவிட்டது. மீன் பிடித்தான் என்றால் அது அவன் செய்த தொழில் அல்லது பொழுதுபோக்கு. மீனைப் பிடித்தான் என்றால் குறிப்பிட்ட ஒரு மீன் கையில் துள்ளுகிறது. தண்ணீர் குடி என்பது தாகத்துக்குச் சொல்வது. தண்ணீரைக் குடி என்றால் எதிரே டம்ளரில் தண்ணீர் இருக்கிறது. இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கும் வரும், விரிந்தும் வரும் என்று பாடநூல் சொல்லும். எப்போது தொகும், எப்போது விரியும், அதனால் பொருள் எப்படி நகரும் என்பது தமிழ் பேசுகிற ஒவ்வொருவருக்கும் பள்ளிக்கு முன்பே தெரியும்.

பாட்டியிடமிருந்தே இன்னொன்று. கதை சொல்லும்போது "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்" என்றுதான் தொடங்குவார். அந்த 'ஆம்' எதற்கு? நான் பார்க்கவில்லை, எனக்குச் சொன்னார்கள், உனக்குச் சொல்கிறேன் என்பதற்கு. "மழை பெய்யுமாம்", "அவருக்கு உடம்பு சரியில்லையாம்", எல்லாவற்றிலும் செய்தியோடு சேர்ந்து, அந்தச் செய்தி எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதும் இரண்டெழுத்து நீளத்தில் வந்துவிடுகிறது. வேறு சில மொழிகளில் இதற்குத் தனி வாக்கியமே வேண்டும். நாமும் நாங்களும் அப்படித்தான். "நாளைக்கு நாம கோயிலுக்குப் போறோம்" என்றால் கேட்கிறவர் புறப்படத் தயாராகலாம். "நாங்க போறோம்" என்றால் அவர் வீட்டில் இருக்க வேண்டியதுதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் மொழிபெயர்ப்பைத் திருத்தும்போது நான் அதிகம் சிவப்பு மை செலவழிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

மொழியின் அடையாளமே சொற்களில் இருப்பதைவிட இலக்கணத்தில்தான் அதிகம் இருக்கிறது. "பஸ்ல ஏறி டிக்கெட் எடுத்துட்டு சீட்ல உக்காந்தேன்." இது எந்த மொழி? பெயர்ச்சொல் மூன்றும் ஆங்கிலம். ஆனாலும் எந்த ஆங்கிலேயருக்கும் இது புரியாது. தமிழ் தெரிந்த எவருக்கும் புரியும். 'இல்' உருபு, ஏறி, எடுத்துவிட்டு என்ற வினையெச்சங்கள், கடைசியில் வினைமுற்று, அதன் வாலில் 'ஏன்' என்று உட்கார்ந்தது யார் என்ற செய்தி, எல்லாமே தமிழ். சொற்கள் விருந்தாளிகள் மாதிரி வரும், போகும். வீட்டின் சுவரும் தூணும் இலக்கணம். கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது அவருக்குக் கைகொடுத்தது இந்த உண்மைதான். தெலுங்கில் வடசொற்கள் எத்தனை இருந்தாலும் அதன் எலும்புக்கூடு தமிழோடும் கன்னடத்தோடும் ஒத்துப்போகிறது என்று அவரால் காட்ட முடிந்தது. அவருக்கு முன்பே, 1816இல், சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் இதைத் தொட்டுக் காட்டியிருக்கிறார்.

அடுத்து, இலக்கணம் என்றாலே கையில் பிரம்போடு நிற்கிற ஒன்று என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அந்த எண்ணம் மாற ஒரு நூற்பாவைக் காட்டினாலே போதும் என்று நினைக்கிறேன்.

நண்பர் ஒருவர் வாசலில் காத்திருக்கிறார். நீங்கள் இன்னும் சட்டையே போடவில்லை. "எங்கே இருக்கிறாய்?" என்று போனில் கேட்கிறார். "இதோ வந்துட்டேன்!" என்கிறீர்கள். வரவே இல்லை, ஆனால் இறந்தகாலம். கணக்குப்படி இது பிழை. தொல்காப்பியம் என்ன சொல்கிறது பாருங்கள்:

"வாராக் காலத்தும் நிகழும் காலத்தும்
ஓராங்கு வரூஉம் வினைச்சொற் கிளவி
இறந்த காலத்துக் குறிப்பொடு கிளத்தல்
விரைந்த பொருள என்மனார் புலவர்."

நடக்கப்போவதையும் நடந்துகொண்டிருப்பதையும் நடந்ததுபோலச் சொல்வது விரைவைக் காட்டும். இதற்கு உரையில் சேனாவரையர் காட்டும் எடுத்துக்காட்டு இன்னும் அழகு. ஒருவன் இன்னும் சாப்பிடவில்லை. அவனோடு வெளியே போகவேண்டியவன் வந்து, இன்னும் சாப்பிடவில்லையா என்கிறான். இவன் சொல்லும் பதில்: "உண்டேன், போந்தேன்." சாப்பிட்டேன், வந்துவிட்டேன்! சேனாவரையர் 13-ஆம் நூற்றாண்டுக்காரர். அவசரத்தில் நாம் சொல்லும் சின்னப் பொய்க்கு அன்றே உரை எழுதிவைத்திருக்கிறார்கள். இப்படி முறை பிறழ்ந்தாலும் ஒரு காரணத்தோடு வருவதை வழுவமைதி என்றார்கள். நன்னூல், "உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே" என்கிறது. வீட்டுப் பசு மேய்ச்சலிலிருந்து திரும்பும்போது "என் அம்மை வந்தாள்" என்று ஒருவர் சொன்னால், அஃறிணையை உயர்திணையாகச் சொன்னது தவறு என்று இலக்கணம் குறுக்கே வருவதில்லை. பாசத்தால் சொன்னார், ஆகவே இயல்பு என்று இடம் விடுகிறது. மனிதர் மனத்தை இவ்வளவு நெருக்கமாகப் பார்த்த ஒன்றை நாம் பிரம்பாக மாற்றிவைத்திருக்கிறோமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

மொழி மாறும்போது இலக்கணம் என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஒருவரை மரியாதையாக 'அவர் வந்தார்' என்கிறோம். ஒருவர்தான், ஆனால் பன்மை. தொல்காப்பியர் இதைக் கவனித்திருக்கிறார்: "வழக்கி னாகிய உயர்சொற் கிளவி இலக்கண மருங்கிற் சொல்லா றல்ல." மக்கள் வழக்கில் உயர்வுக்காக இப்படி வழங்குகிறார்கள், ஆனால் இலக்கண முறைப்படி இது சொல்லும் நெறி இல்லை. இன்று ஒரு பெரியவரை 'அவன் வந்தான்' என்று எழுதிப் பாருங்கள்! அன்று நெறிக்கு வெளியே நின்றது இன்று வீட்டின் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 'கள்' விகுதியும் அப்படித்தான். தொல்காப்பியத்தில் அது அஃறிணைப் பெயருக்கு மட்டும் உரியது. குறளுக்கு வந்தால் "பூரியர்கள் ஆழும் அளறு" என்றும், "மற்றையவர்கள் தவம்" என்றும் மனிதருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்று ஆசிரியர்கள், மருத்துவர்கள், அவர்கள் என்று எங்கும் அதுதான். வருகிறேன் என்பதில் உள்ள 'கிறு' தொல்காப்பியத்தில் சொல்லப்படவே இல்லை. நன்னூல் அதை ஆநின்று, கின்று இரண்டோடும் சேர்த்து நிகழ்கால இடைநிலையாக எண்ணுகிறது. "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே" என்று எழுதிய நன்னூலாசிரியர் பவணந்தியார் அதைச் சும்மா எழுதவில்லை. தனக்கு முந்தைய நூலையும் தன் காலத்துப் பேச்சையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தவர் எழுதிய வரி அது.

பழையது கழிவதும் எல்லா ஊரிலும் ஒன்றுபோல நடப்பதில்லை. அ, இ, உ மூன்றும் சுட்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது, இது தெரியும். 'உது' என்பது தேர்வுக்கு மட்டும் வரும் சொல். யாழ்ப்பாணத்தில் "உது என்ன?", "உவன் ஆர்?" என்பது அன்றாடப் பேச்சு. இங்கே ஏட்டில் மட்டும் இருப்பது அங்கே வாயில் இருக்கிறது. "நான் வாறன்" என்ற யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டு, 'வருகிறேன் என்பதைச் சிதைத்துவிட்டார்கள்' என்று ஒருவர் சொன்னால், வர்றேன் என்று தான் சொல்வதையும் அவர் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் அதனதன் ஒழுங்கு உண்டு. பேச்சுத் தமிழுக்கும் இலக்கணம் எழுத முடியும் என்பதை வீரமாமுனிவர் காட்டிவிட்டார். அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. மக்களிடம் பேசிப் பழக வந்த வெளிநாட்டவருக்குப் பேச்சின் ஒழுங்கு அவசியமாக இருந்தது. அதற்குள்ளேயே வளர்ந்ததால் நம் கண்ணில் அது படுவதில்லை.

"அப்படியானால் எனக்கு எதற்குப் படிப்பு? எல்லாம்தான் உள்ளேயே இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விண்ணப்பம் எழுதத் திணறுவதாகச் சொன்னீர்கள் அல்லவா, பதில் அங்கேதான் இருக்கிறது. எழுத்துத் தமிழ் நம் யாருக்கும் தாய்மடியில் கிடைத்தது இல்லை. எந்த வீட்டிலும் அம்மா குழந்தையிடம் "நீ உணவு உண்டாயா?" என்று கேட்பதில்லை. பேச்சு தானாக வரும். எழுத்தைக் கற்றே ஆக வேண்டும். பேசும்போது எதிரில் ஆள் இருக்கிறார். குரல் ஏறி இறங்குகிறது, கை அசைகிறது, புரியாவிட்டால் "என்னது?" என்று திருப்பிக் கேட்கிறார். தாளில் இந்தத் துணை எதுவும் கிடையாது. எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோதும், சில சமயம் உயிரோடு இல்லாதபோதும், வாக்கியம் தனியாக நின்று பேச வேண்டும். அந்தத் தெம்பை அதற்குத் தருவது இலக்கணம்.

இதை நான் மறக்க முடியாதபடி உணர்ந்த ஒரு நிகழ்ச்சி. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர், யாரோ எழுதிக் கொடுத்த உயில் வரைவைக் கொண்டுவந்து, "தம்பி, எழுத்துப் பிழை மட்டும் பார்த்துக் குடுங்க" என்றார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு வரி இப்படி இருந்தது: "மேற்படி வீடு எனது மகன்கள் மற்றும் மகளின் குழந்தைகளுக்குச் சேரவேண்டியது."

இரண்டு முறை படித்தேன். வீடு மகன்களுக்கா, மகன்களின் குழந்தைகளுக்கா? அந்த வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. "ஐயா, இதுல வீடு உங்க பசங்களுக்கா, பசங்களோட பிள்ளைங்களுக்கா?" என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "இதுல என்ன தம்பி சந்தேகம்? பசங்களுக்கும், பொண்ணோட பிள்ளைங்களுக்கும். பொண்ணுதான் போயிருச்சே" என்றார்.

அவர் வாயில் வந்த வாக்கியத்தைப் பாருங்கள். பசங்களுக்கும், பிள்ளைங்களுக்கும். நான்காம் வேற்றுமை உருபு இரண்டு இடத்திலும் தனித்தனியாக, அதன் மேல் 'உம்' இரண்டு இடத்திலும் தனித்தனியாக. எண்ணும்மை என்று நாம் படித்தது இதுதான். யாருக்குச் சேரும், எத்தனை தரப்பு என்பதில் கடுகளவு ஐயமும் இல்லை. அவர் பேச்சில் இருந்த பாதுகாப்பு எழுத்துக்கு வரும்போது காணாமல் போயிருந்தது. காரணம் நடுவில் வந்து உட்கார்ந்த 'மற்றும்'. ஆங்கிலத்தில் இரண்டு பெயருக்கு நடுவே ஓர் இணைப்புச்சொல் வைக்கும் பழக்கத்தை அப்படியே எடுத்து வந்து, உருபையும் உம்மையையும் கழற்றிவிட்டோம். "எனது மகன்களுக்கும் மகளின் குழந்தைகளுக்கும்" என்று மாற்றிக் கொடுத்து, கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டச் சொன்னேன். அவர் சொன்ன தமிழைத்தான் அவருக்குத் திருப்பி எழுதிக் கொடுத்தேன்.

இதே வகையில் எழுத்தில் அடிக்கடி வழுக்கும் இன்னோர் இடம் பெயரெச்சம். "நேற்று மாரடைப்பால் இறந்த தலைவரின் உதவியாளர்" என்று ஒரு செய்தி. இறந்தது தலைவரா, உதவியாளரா? தமிழில் அடைமொழி எல்லாம் பெயருக்கு முன்னால் வருவதால், அது பக்கத்துப் பெயரையும் பற்றலாம், தாண்டி அடுத்த பெயரையும் பற்றலாம். பேச்சில் ஒரு சின்ன நிறுத்தம் போதும். எழுத்தில் "தலைவரின் உதவியாளர் நேற்று மாரடைப்பால் இறந்தார்" என்று வாக்கியத்தையே திருப்ப வேண்டும். இதற்கு எந்த நூற்பாவையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு சொல் எந்தச் சொல்லைத் தழுவி நிற்கிறது என்று பார்க்கும் கண் இருந்தால் போதும். இலக்கணப் படிப்பு கொடுக்க வேண்டியது அந்தக் கண்ணைத்தான்.

ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று எல்லாரையும் பயமுறுத்தும் பகுதியும் அப்படித்தான். 'வேலை கொடு' என்றால் பிழைக்க ஒரு வேலை கேட்கிறார். 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையிலுள்ள வேலைக் கேட்கிறார். 'கீரை கடை' என்றால் மத்தை எடுக்க வேண்டும்; 'கீரைக்கடை' என்றால் பையை எடுக்க வேண்டும். 'தந்த பலகை' ஒருவர் கொடுத்தது. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. முடிந்தவரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பாதிக்கு மேல் காதே தீர்ப்புச் சொல்லிவிடும். மீதிக்கு விதியைப் புரட்டலாம்.

எல்லாப் பிழையும் ஒரே எடை கொண்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சண்டை நடக்கிறது. நான் வாழ்த்துகள் என்றே எழுதுகிறேன், பிறருக்கும் அதையே சொல்வேன். ஆனால் மற்றதை எழுதியவரின் வாழ்த்து எனக்கு வந்து சேராமல் போவதில்லை. 'அது அன்று, அவை அல்ல, அவன் அல்லன், அவள் அல்லள்' என்ற பழைய பாகுபாடு மிக அழகானது. இன்று 'அல்ல' ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்று மொழி நகர்ந்துவிட்டது. அதைத் திருத்துவதை நான் நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. ஆனால் உயிலில் இருந்த 'மற்றும்' போல, படிப்பவர் வேறொன்றைப் புரிந்துகொள்ளும்படி எழுதுவது எனக்குப் பெரிய பிழை. அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பள்ளியில் பெரும்பாலும் இந்த எடை தலைகீழாகிவிடுகிறது. பிள்ளைகள் பெயர்களைப் படிக்கிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை. இதைவிட எனக்கு வலிப்பது வேறொன்று. வீட்டில் பேசுவதை அப்படியே வகுப்பில் சொன்ன பிள்ளையை, 'இது கொச்சை, இதற்கு இலக்கணமே கிடையாது' என்று அடக்கிவிடுவது. அந்தப் பிள்ளைக்குத் தன் அம்மாவின் பேச்சு குறையுள்ளது என்ற எண்ணம் விழுந்துவிடும். எழுத்துத் தமிழும் அந்நியமாகவே நிற்கும். அதற்குப் பதிலாக "உங்க வீட்ல போறாங்கன்னு சொல்றீங்க இல்லையா, எழுதும்போது அதுவே போகிறார்கள், ரெண்டுக்கும் நடுவுல என்ன மாறியிருக்கு, கண்டுபிடி" என்று கேட்டால், அந்தப் பிள்ளை இலக்கணத்தைத் தானே செய்யத் தொடங்கிவிடும். 'பிஸ்கட் நானுக்கு' என்று கேட்ட மூன்று வயதில் எல்லாப் பிள்ளைகளும் செய்த வேலைதானே அது.

நீங்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்றால், இன்று மாலையே உங்கள் பாட்டியின் அனுமதியோடு அவர் ஒரு கதை சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும். அவர் சொன்னபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல் தாளில் எழுதுங்கள். பிறகு அதே கதையை எழுத்துத் தமிழில் எழுதுங்கள். எங்கெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது, எங்கெல்லாம் கை வைக்கவே தேவைப்படவில்லை என்று குறியுங்கள். 'ஆம்' எத்தனை இடத்தில் வந்தது, 'ஐ' எங்கே வந்தது, எங்கே வரவில்லை என்று எண்ணுங்கள். அதன் பிறகு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் முதல் இயலான கிளவியாக்கத்தைச் சேனாவரையர் உரையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு நூற்பா. உரைநடை கொஞ்சம் பழையதுதான். முதல் வாரம் தட்டும். எடுத்துக்காட்டுகளை மட்டுமாவது படியுங்கள். உங்கள் பாட்டியின் வாக்கியங்கள் பல அங்கே உங்களுக்காகக் காத்திருக்கும்.